தொடவிடாத கிளிகளும் நம்மிடம் வந்த அமானிதமும்



கிளி வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி செவியில் விழும் மனக்குறை ஒன்று உண்டு. "எத்தனை மாசமா தீனி வைக்கிறோம், இன்னும் கிட்டப் போனாக் கொத்த வருது" என்பார்கள். அந்தக் குறைக்குள் ஓர் எதிர்பார்ப்பு மறைந்திருக்கிறது. நாம் உணவளித்தோம், ஆகவே நம் கையில் அது ஏற வேண்டும், நாம் தடவிக் கொடுக்கும்போது கண்மூடிக் கிடக்க வேண்டும் என்பதே அந்த எதிர்பார்ப்பு. கடந்த ஓராண்டுக்கும் மேலாக இரண்டு கிளிகளோடு வாழ்ந்து வரும் எங்கள் குடும்பத்திற்கு, அந்த எதிர்பார்ப்பைச் சற்று நிறுத்தி ஆராயும் வாய்ப்புக் கிடைத்தது. நம் சமுதாயத்துக் குடும்பங்கள் பலவற்றில் பறவைகள் இருப்பதால், கண்டறிந்தவற்றை இங்கே பகிர்கின்றோம்.

மதுரையில் கோரிப்பாளையத்திற்கு அருகே வசிக்கும் எங்களிடம் இப்பறவைகள் ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த வாரத்தில் வந்து சேர்ந்தன. வளைகுடா நாட்டில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு புறப்பட்ட உறவினர் ஒருவர், திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்ளுமாறு கூண்டோடு ஒப்படைத்துச் சென்றார். இரண்டும் காக்கட்டீல் இனத்தைச் சேர்ந்தவை. பறவைக் கடைகளில் இப்பெயர் 'காக்டெயில்' என்றே வழங்குகிறது. ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட, தலையில் கொண்டையுடைய சிறு கிளி இது. ஒன்று சாம்பல் நிறம், கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு. மற்றொன்று வெண்மையும் மஞ்சளும் கலந்தது. முன்னதைச் 'சாம்பல்' என்றும், பின்னதை 'முத்து' என்றும் எங்கள் பிள்ளைகள் அழைத்தார்கள்.

கையைக் கூண்டருகே கொண்டு சென்றாலே இரண்டும் மூலைக்கு ஓடின. சாம்பல் கொண்டையைத் தலையோடு படியவைத்துப் பாம்புபோல் சீறியது. முத்து கம்பியில் மோதி இறகுகளை உதிர்த்தது. கடையில் பிடிப்பதும் கூண்டு மாற்றுவதும் தவிர மனிதக் கையால் வேறு எந்த நன்மையையும் அவை கண்டதில்லை என்பது உறவினரிடம் தொலைபேசியில் விசாரித்தபோது தெரியவந்தது. ஒத்துவராவிட்டால் கடையில் கொடுத்துவிடலாம் என்றும் அவர் சொன்னார். எங்கள் தாயார், பிள்ளைகளுக்கு நன்னி, உடனே மறுத்துவிட்டார். "அமானிதமா வாங்குனத கடையில குடுக்கவா? திரும்பக் கேட்டா எதக் குடுப்பீங்க?" என்ற அவருடைய கேள்விக்குப் பின்னர் அப்பேச்சு எழவில்லை.

கிளிக்கு மனிதக் கை ஏன் அச்சமூட்டுகிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. கிளி இரையாகும் உயிர். பருந்தும் வல்லூறும் மேலிருந்து கால்களை நீட்டிப் பாய்ந்து பற்றும். மேலிருந்து இறங்கும் ஐந்து விரல்கள் அதற்கு வேறெதை நினைவூட்டும்? அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்துள்ளன. வேட்டையாடும் உயிர்களுக்கோ இரு கண்களும் முன்னோக்கி இருக்கின்றன. நாம் அன்போடு நேருக்குநேர் உற்று நோக்கும்போது, அது தன்னைக் குறிவைக்கும் பார்வையாகவே கிளிக்குப் படுகிறது. மேலும் நமக்குள்ளதுபோன்ற உதரவிதானம் பறவைக்கு இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அது மூச்சு விட முடியும். மார்பைச் சுற்றி இறுகப் பிடித்தால் கழுத்தை நெரிக்காமலேயே மூச்சு முட்டிவிடும். குழந்தைகள் ஆசையோடு கட்டிப்பிடிப்பது சிறு பறவையின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

கிளிகளுக்குள் தொடுகை இல்லாமலும் இல்லை. துணையாகிய கிளிகள் ஒன்றன் தலையையும் கழுத்தையும் மற்றொன்று கோதிவிடும். தன் அலகுக்கு எட்டாத அந்த இடத்தை நம்பிக்கைக்குரிய துணையிடம் மட்டுமே அது குனிந்து காட்டும். முதுகையும் இறக்கையின் அடியையும் தடவுவது அதற்கு வேறு பொருள் தருவது, இணைசேரும் உணர்வைத் தூண்டுவது. பூனையைத் தடவுவதுபோல் கிளியைத் தடவலாகாது என்று பறவை மருத்துவர்கள் அறிவுறுத்துவது இதனால்தான்.

நம் ஊருக்குக் கிளி புதியதன்று. மீனாட்சியம்மன் கோவிலில் முற்காலத்தில் கிளிகள் வளர்க்கப்பட்ட இடம் இன்றும் கிளிக்கூட்டு மண்டபம் என்றே அழைக்கப்படுகிறது. பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் அழகர்மலைக்குத் தூதனுப்பக் கிள்ளையையே தேர்ந்தெடுத்தார். சோழவந்தான் பக்கம் நெல் முற்றும் பருவத்தில் பச்சைக்கிளிகள் கூட்டங்கூட்டமாக வயலில் இறங்குவதையும், தலை முறிந்த பனைமரங்களின் பொந்துகளில் குஞ்சு பொரிப்பதையும் கண்டிருக்கிறோம். அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் மொட்டை மாடிக்கு மேலே அவை கத்திக்கொண்டு கடந்து செல்லும்போது, கூண்டிலிருக்கும் இரண்டும் தலையைச் சாய்த்துக் கேட்கும்.

இந்த இடத்தில் ஒரு செய்தியைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பச்சைக்கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். சிறகு வெட்டப்பட்ட பச்சைக்கிளி எவர் வீட்டிலேனும் இருந்தால், அதைத் திடீரென வெளியே விடுவது அதன் உயிரைப் போக்கிவிடும். வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை. சன் கொன்யூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்ற வெளிநாட்டு இனங்களை வைத்திருப்போர் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். கிளி வளர்ப்பு ஆகுமானதா என்று கேட்பவர்களுக்கு, அபூ உமைர் என்ற சிறுவரின் சிட்டுக்குருவி பற்றி நபி (ஸல்) அவர்கள் அன்போடு விசாரித்த புகாரீ, முஸ்லிம் நூல்களின் செய்தியை அறிஞர்கள் ஆதாரமாகக் காட்டுவர். பூனையைக் கட்டிவைத்து, உணவும் தராமல் இரை தேடவும் விடாமல் சாகவிட்ட பெண்ணின் கதியும் அதே இரு நூல்களில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எங்கள் முயற்சி கையை ஒளித்து வைப்பதிலிருந்து தொடங்கியது. கூண்டை நடுக்கூடத்திலிருந்து எடுத்து, இரு பக்கம் சுவர் இருக்கும் மூலையில், நம் கண்மட்டத்திற்குச் சமமான உயரத்தில் வைத்தோம். பின்புறம் எவரும் வரமுடியாது என்ற உறுதி கிடைத்ததும் முத்து கம்பியில் மோதுவதை நிறுத்திக்கொண்டது. சுபுஹுத் தொழுகைக்குப் பின் குர்ஆன் ஓதும் வழக்கமுள்ள எங்கள் தாயார், கூண்டுக்குப் பக்கவாட்டில் நாற்காலி போட்டு, அதை நோக்காமல் அமர்ந்து ஓதினார். ஏறக்குறைய மூன்று வாரங்கள் இதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. ஒருநாள் ஓதிக்கொண்டிருக்கும்போதே சாம்பல் ஒற்றைக்காலில் நின்று, அலகை மெல்ல அரைக்கும் ஓசையை எழுப்பியது. பாதுகாப்பாக உணரும் கிளி உறங்கும் முன் எழுப்பும் ஓசை அது.

அடுத்து, எதிர்பாராதது எதுவும் நடக்காமல் பார்த்துக்கொண்டோம். கூண்டுக் கதவைத் திறக்கும் முன் ஒவ்வொரு முறையும் "பிஸ்மில்லாஹ்" என்று குரல் கொடுத்துவிட்டுச் சிறிது பொறுத்தோம். அந்தச் சொல் கேட்டால் தீனி வரும், பிடிக்கும் கை வராது என்பது இரண்டே வாரங்களில் அவற்றுக்குப் பதிந்தது. இன்று வீட்டில் யாராவது சாப்பாட்டுக்கு அமர்ந்து பிஸ்மில்லாஹ் சொன்னாலும் கூண்டுக்குள் இரண்டும் தீனிக் கிண்ணத்தருகே வந்து நிற்கின்றன.

பின்னர் தினைக்கதிரின் நுனியைக் கம்பி வழியே நீட்டினோம். காக்கட்டீலின் கொண்டை அதன் மனத்தைக் காட்டும் கருவி. விறைத்து நேராக நின்றால் திடுக்கிட்டிருக்கிறது, தலையோடு படிந்திருந்தால் சினந்திருக்கிறது, பாதி சாய்ந்திருந்தால் அமைதியாக இருக்கிறது. கொண்டை விறைத்த கணமே கதிரைப் பின்வாங்கினோம். "பயந்தா விலகிப்போயிருவாங்க" என்று கிளி அறிந்துகொண்ட பிறகுதான் அது நெருங்கி வரத் தொடங்கியது. அதுவரை அதனிடமிருந்த ஒரே மொழி கொத்துவது. சிறிய அறிகுறியையே நாங்கள் மதிக்கத் தொடங்கியதும் கொத்த வேண்டிய தேவை குறைந்தது.

இக்கட்டத்தில் எங்கள் மகன் பொறுமை இழந்தான். அவனுக்கு அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் ஒட்டகச் செய்தியைச் சொன்னோம். முரண்டு பிடித்த ஒட்டகம் ஒன்றில் அவர்கள் ஏறி, அதை அங்குமிங்குமாக இழுத்துத் திருப்பியபோது, மென்மையைக் கைக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மென்மையின் சிறப்பைப் பற்றிச் சொற்பொழிவுகளில் நாம் கேட்பதுண்டு. அந்தப் படிப்பினை முரண்டு பிடிக்கும் ஓர் உயிரின் முதுகில் இருக்கையில் அருளப்பட்டது என்பது அவனுக்குப் புதிய செய்தியாக இருந்தது. சொன்னபடி கேட்கும் உயிரிடம் மென்மையாக இருப்பது எவர்க்கும் எளிதல்லவா?

அதன்பின் பயிற்சியை அவனிடமே விட்டோம். ஐஸ் குச்சி ஒன்றின் நுனியைக் கிளி அலகால் தொட்டால், நாக்கைச் சொடுக்கி ஓசை எழுப்பி, சூரியகாந்தி விதை ஒன்றைத் தருவான். நாளுக்கு இரு முறை, ஐந்தைந்து நிமிடங்கள் மட்டும். கிளி சலிக்கும் முன்பே நிறுத்திவிட வேண்டும். குச்சியைத் தொடர்ந்து அது நடந்தது, பின்னர் கதவுக்கு வெளியே வந்தது, பின்னர் கொய்யாக் கிளையொன்றில் ஏறியது. நான்காம் மாத முடிவில் சாம்பல், அசையாமல் வைத்த உள்ளங்கையிலிருந்து தினையைக் கொத்தித் தின்றது. முத்து கொய்யாக் கிளையோடு நின்றுகொண்டது. அதுவே போதுமென்று விட்டோம்.

தொடாமலேயே பறவையைப் பேண முடியும் என்பது எங்களுக்குப் பெரிய ஆறுதலாக அமைந்தது. சமையலறை எடைக்கருவியின் மேல் குச்சி ஒன்றைப் பொருத்தினோம். தானாக ஏறி நின்றால் ஒரு விதை. வாரம் இரு முறை எடையைக் குறிப்பேட்டில் எழுதினோம். இரையாகும் உயிர் தன் நோயை மறைக்கும் இயல்புடையது. முகம் வாடுவதற்கு முன்பே எடை குறைந்துவிடும். மழைக்காலத்தில் ஒருநாள் 94 கிராமாக இருந்த சாம்பலின் எடை 86க்கு இறங்கியிருந்தது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு தூங்கிக் கிடந்தது. பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டு சென்றோம்.

அங்கே துண்டால் போர்த்திப் பிடிப்பதைத் தவிர வழியில்லை. மார்பை அழுத்தாமல் பிடிக்கும் முறையை மருத்துவர் காட்டித் தந்தார். ஏழு நாட்கள் காலையும் மாலையும் துண்டில் பிடித்து மருந்து புகட்டினோம். உயிர் பிழைத்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் எங்களைக் கண்டதும் பழையபடி மூலைக்கு ஓடிச் சீறியது. மகன் அழுதுவிட்டான். நான்கு மாத உழைப்பும் வீணாயிற்று என்று எண்ணினான்.

மறுநாள் சுபுஹுக்குப் பின் நன்னி வழக்கம்போல் நாற்காலியைப் பக்கவாட்டில் போட்டு ஓத அமர்ந்தார். கதிரும் குச்சியும் கொய்யாக் கிளையும் வரிசையாகத் திரும்பி வந்தன. முதன்முறை நான்கு மாதமெடுத்த பாதையை இம்முறை மூன்று வாரங்களில் சாம்பல் கடந்தது. சேர்த்து வைத்த நம்பிக்கை ஒரு வாரத்து அச்சத்தில் முற்றாக அழிந்துவிடவில்லை. அதன் பிறகு ஊசியில்லாத சிரிஞ்சில் ஒரு துளி ஆப்பிள் சாறு வைத்து, தானே வந்து அருந்தப் பழக்கினோம். இனியொரு நோய் வந்தால் துண்டின் தேவை குறையும், இன்ஷா அல்லாஹ்.

வீட்டின் பழக்கங்கள் சிலவும் மாறின. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது கூண்டை வேறு அறைக்கு மாற்றிக் கதவை அடைக்கிறோம். பறவையின் மூச்சுறுப்புகள் புகையைத் தாங்கா. அளவுக்கு மீறிச் சூடேறிய நான்ஸ்டிக் பாத்திரத்தின் ஆவி சில நிமிடங்களில் கிளியைக் கொன்றுவிடும் என்பதால் இரும்புத் தோசைக்கல்லே மீண்டும் அடுப்பேறியது. ரமலானில் ஸஹர் நேரத்து விளக்கொளி அவற்றின் உறக்கத்தைக் கெடுக்காதிருக்கக் கூண்டு உள்ளறைக்குப் போனது. கத்திரி வெயில் நாட்களில், அஸருக்குப் பின் அரைமணி நேரம் அவற்றைக் கூடத்தில் பறக்கவிட மின்விசிறியை நிறுத்திவிட்டுக் குடும்பமே வியர்த்துக் கொட்ட அமர்ந்திருந்தது. மதுரைக்காரர்களுக்கு அதன் அருமை விளங்கும்.

இவையெல்லாம் நடந்துகொண்டிருக்கையில், ஏழு வயதான எங்கள் மகள் ஒருத்தியே ஒருமுறை கூடக் கிளியைத் தொட முயலாதவள். வீட்டிற்கு வந்த விருந்தினர் ஒருவர் கூண்டுக்குள் கைவிட்டபோது, "அது வேணாங்குது. விட்டுருங்க" என்றாள். அன்றிரவு அதைப்பற்றி நாங்கள் பேசிக்கொண்டோம். எங்கள் மகளும் தொடுகையை விரும்பாத பிள்ளை. பெருநாள் அன்று வரும் உறவினர்கள் கன்னத்தைக் கிள்ளும்போதும் இழுத்து அணைக்கும்போதும் எங்கள் பின்னால் ஒளிவாள். பாசத்தில் செய்வதுதானே என்று பெரியவர்கள் சொல்வர். அவர்களின் பாசத்தில் எங்களுக்கு ஐயமில்லை. பிள்ளைகளை முத்தமிட்டு அணைப்பது நபிவழி என்பதையும் அறிவோம். ஆயினும் கொண்டை விறைத்த கிளியைக் கண்டு பின்வாங்கக் கற்றுக்கொண்ட கை, விறைத்து நிற்கும் குழந்தையின் தோளைக் கண்டும் பின்வாங்க வேண்டாமா?

இதற்கும் நபி (ஸல்) அவர்களின் வாழ்விலேயே வழிகாட்டல் இருக்கிறது. அவர்களிடம் பானம் ஒன்று கொண்டுவரப்பட்டது. வலப்பக்கம் ஒரு சிறுவர், இடப்பக்கம் பெரியவர்கள். வலப்பக்கத்தாருக்கே முதல் உரிமை என்பதால், பெரியவர்களுக்கு முதலில் தரலாமா என்று அந்தச் சிறுவரிடமே அனுமதி கேட்டார்கள். சிறுவர் இசையவில்லை. கோபமோ கண்டிப்போ இன்றிப் பானத்தை அவர் கையிலேயே கொடுத்தார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி இது. அனுமதி கேட்பது ஒரு பண்பு. கேட்ட பின் மறுப்பு வந்தால் அதன்படி நடப்பது அதனினும் பெரிய பண்பு. மறுக்க முடியாத இடத்தில் தரப்படும் சம்மதத்திற்கு என்ன மதிப்பு இருக்கிறது?

ஆகவே வீட்டில் ஓர் ஏற்பாடு செய்தோம். பிள்ளைகள் வருவோர் அனைவருக்கும் ஸலாம் சொல்ல வேண்டும், அதில் விலக்கில்லை. அணைப்பதும் முத்தமிடுவதும் அவர்கள் விருப்பம். நன்னிக்கு முதலில் இது பிடிக்கவில்லை. "பெரியவங்க தூக்குனா என்ன, கொத்திறவா போறாங்க?" என்றார். ஆனால் ஆறுமாதமாகக் கிளிக்குப் பக்கவாட்டில் அமர்ந்து ஓதியவரும் அவர்தான். சில வாரங்கள் சென்றபின், பேத்தியை இழுத்து அணைப்பதற்கு மாறாக, உள்ளங்கையை விரித்து நீட்டி, "வர்றியாம்மா?" என்று கேட்பதைக் கண்டோம். சில நாட்களில் அவள் வருவதில்லை. பல நாட்களில் மடியிலேயே தூங்கிவிடுகிறாள்.

கடைகளில் கையில் ஏறும் குஞ்சுக்கு விலை அதிகம். தாய்தந்தையிடமிருந்து கண் திறந்த சில நாட்களிலேயே பிரித்தெடுத்து, மனிதர் கையால் ஊட்டி வளர்ப்பதால்தான் பெரும்பாலும் அப்பழக்கம் உண்டாகிறது. குஞ்சுகளை இழந்து சிறகடித்துத் தவித்த ஒரு பறவையைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதைத் துன்புறுத்தியது யார் எனக் கேட்டு, குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன செய்தி அபூதாவூதில் உள்ளது. சட்டத் தீர்ப்புக்கு ஆலிம்களை அணுகுக. வாங்கும் முன் அந்தச் செய்தியை நினைவில் கொள்ளுமாறு மட்டும் கேட்டுக்கொள்கிறோம். சாம்பலும் முத்தும் தம் பெற்றோரிடமே வளர்ந்தவை. மனிதரை அஞ்சும் இயல்பு அவற்றின் குறையன்று, பெற்றோர் கற்பித்தது. பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று திருக்குர்ஆன் (6:38) உணர்த்துவதை இப்போது எங்கள் வீட்டில் வேறு பொருளோடு ஓதுகிறோம்.

உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் நம்மில் பலர் பள்ளிப் பருவத்திலேயே அறிந்தது. வேடனின் வலையில் சிக்கிய மான், தன் கன்றுக்குப் பாலூட்டி வர விடை கேட்கிறது. நபி (ஸல்) அவர்கள் அதற்காகப் பிணை நிற்கிறார்கள். கட்டவிழ்ந்து ஓடிய மான் கன்றோடு திரும்பி வருகிறது. கட்டப்பட்டிருந்த வரையில் அந்த மானின் நம்பிக்கையை எவரும் அறிந்திருக்க முடியாது. அவிழ்த்துவிட்ட பின்னரே அது வெளிப்பட்டது. கிளியைக் கைக்குள் அடக்கி வைத்திருப்பவர் அதன் உள்ளத்தைப் பற்றி எதையும் அறிந்துகொள்வதில்லை. கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பவர் சிறிது அறிகிறார்.

இன்றைய நிலையையும் சொல்லிவிடுகிறோம். சாம்பல் எங்கள் எல்லாரின் தோளிலும் வந்து அமர்கிறது. மகளிடம் மட்டும் தலையைக் குனிந்து காட்டும். அவள் ஒரு விரலால் கொண்டைக்குப் பின்னால் மெல்லக் கோதுவாள். மூன்று முறை கோதிவிட்டு விரலை எடுத்துவிடுவாள். மீண்டும் குனிந்தால் மீண்டும் கோதுவாள். முத்து இதுவரை எவரையும் தொடவிட்டதில்லை. ஆனால் கூடத்தில் நாங்கள் சாப்பிடும்போது அலமாரியின் மேல் வந்து அமர்ந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இறகு கோதுகிறது. இரையாகும் உயிர் முதுகைக் காட்டி அமர்வது சாதாரணச் செயலன்று.

சென்ற வாரம் உறவினர் வீடியோ அழைப்பில் வந்தார். "முத்து கையில ஏறிருச்சா?" என்று கேட்டார். ஏறவில்லை என்றோம். அடுத்த ஆண்டு ஊர் திரும்பும்போது பறவைகளை அழைத்துக்கொள்வதாகச் சொன்னார். பிள்ளைகளுக்கு வருத்தம்தான். ஆனாலும் அமானிதம் உரியவரிடம் சேர்ந்தாக வேண்டும். மகன் தன் குறிப்பேட்டில் எடைகளுக்குக் கீழே இப்போது வேறு செய்திகளையும் எழுதி வருகிறான். கொண்டை எப்படி இருந்தால் என்ன பொருள், கதவு திறக்கும் முன் எந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும், மேலிருந்து கையை நீட்டக்கூடாது, முத்துவுக்குக் கொய்யாக் கிளையே போதும், அதைக் கட்டாயப்படுத்த வேண்டாம். கூண்டோடு அந்தக் குறிப்பேட்டையும் ஒப்படைப்போம்.

நம் பொறுப்பில் விடப்பட்ட உயிர்கள் எல்லாவற்றிடமும், வாயுள்ளவையாயினும் இல்லாதவையாயினும், மென்மையோடு நடந்துகொள்ளும் பண்பை அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.